ஸகீபேயும் வராத சோஃபாவும்

மீருதூத் தீவில் ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் அதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். ஒரே ஒரு நாள் ஒரு வெங்காய மூட்டை கடலில் விழுந்துவிட்டால் ஊரே சாட்சி. ஸகரிய்யாவுக்கு நடந்தது அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தென்மேற்குக் காற்று பேயாக அடித்த ஒரு ஜூலை மாதத்தில், அவருடைய ‘ரிஹிவெலி’ தோணியிலிருந்து ஒரு மூட்டை வெங்காயம் அலையோடு போய்விட்டது. கரை சேர்ந்த அன்றைக்கே கடைக்கார ஆதமுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பணம் கொடுத்தது மறந்துபோய்விட்டது, வெங்காயம் மறக்கவில்லை. “ஸகீபே தோணியா? வெங்காயம் ஏத்தாதீங்கப்பா” என்று அன்றைக்குப் பிறந்திராத பிள்ளைகள்கூடச் சொல்லிச் சிரிக்கின்றன.

அண்ணனுக்கு அங்கே ‘பே’; ஸகரிய்யா அண்ணன் என்பது சுருங்கி ஸகீபே ஆகிவிட்டது. சனிக்கிழமை தலைநகர் மாலேவுக்குப் புறப்படுவார். மூன்று நாள் அங்கே சரக்கு ஏற்றுவார். வியாழக்கிழமை காலையில் திரும்புவார். அரிசி, மைதா, டீசல், டயபர், ஃபிரிட்ஜ், பிறந்தநாள் கேக், ஒரு தடவை கத்திக்கொண்டே வந்த ஓர் ஆடு. ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்பு மார்க்கரால் ஆளின் பெயர், வீட்டின் பெயர், போன் நம்பர் எழுதியிருக்க வேண்டும். எழுதாத பெட்டி தோணியில் ஏறாது, அது தீவுத் தலைவருடைய பெட்டியாக இருந்தாலும் சரி. அதில் அவர் மகா பிடிவாதக்காரர். ஐம்பத்து நாலு வயதில் அவரிடம் சொத்தென்று இருந்தது பழைய தோணி ஒன்று, ‘ஸகீபே கையில் கொடுத்தால் வந்து சேரும்’ என்ற பேர் ஒன்று. இரண்டில் பேருக்குத்தான் அவர் அடிக்கடி வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

ஃபஸீலாவின் வீட்டுக்குப் பெயர் ‘மூன்லைட்’. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. ஆனால் அவளுடைய உண்மையான உத்தியோகம் ‘மீருதூவின் குரல்’ என்ற வைபர் செயலிக் குழுவுக்கு அட்மினாக இருப்பது. நானூற்றுப் பதினேழு பேர் உள்ள குழு. ‘இந்த லிங்க்கைத் தொடாதீர்கள்’, ‘அந்தப் பரிசை நம்பாதீர்கள்’, ‘உங்கள் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று காலையில் மூன்று, மாலையில் நான்கு எச்சரிக்கை போடுவாள். ஊர் ஏமாறாமல் இருக்க அவள் ஆற்றிய தொண்டு கொஞ்சநஞ்சமல்ல.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் ஒருநாள் போனில் அந்தச் சோஃபா பட்டது. சிவப்பு வெல்வெட், தங்க நிறக் கால்கள், ஏழு பேர் உட்காரலாம். இருபத்தைந்தாயிரம் ருஃபியா விலையை அடித்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு என்று எழுதியிருந்தது. கடையின் பெயரில் ராயல் இருந்தது. பெயருக்குக் கீழே நாலாயிரம் பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ‘சலுகை இன்னும் இரண்டு மணி நேரம் மட்டும்’ என்று ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே இரண்டு மணி நேரம்தான் ஓடியது. தனக்காகவே நேரத்தை நீட்டியிருக்கிறார்கள் என்று ஃபஸீலா பூரித்துப்போய் கார்டில் பணத்தைக் கட்டினாள். பெருநாளுக்கு மாலேவிலிருந்து கணவர் வழிச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். அவர்களை இந்தச் சோஃபாவில் உட்காரவைத்து வயிறெரிய வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு.

சனிக்கிழமை ரிஹிவெலி கிளம்பும்போது அவளே துறைக்கு வந்தாள்.

“ஸகீபே, இந்தத் தடவை என் சோஃபா வருது. பெருசு. மேல்தளத்துல இடம் வைங்க.”

“வைக்கிறேன். எந்தக் கடை, எந்தத் தெருன்னு சொல்லு. நம்ம ஆளே போய் எடுத்துட்டு வருவான்.”

“நீங்க போக வேண்டாம். அவங்களே கொண்டாந்து தோணியில ஏத்துவாங்க. ஆன்லைன் கடை.”

“இருக்கட்டும். அதுக்குக் கதவு எங்க இருக்கு?”

“ஆன்லைன் கடைக்கு எதுக்கு ஸகீபே கதவு?”

“மாலே என்ன அமெரிக்காவா? இந்தக் கோடியில நின்னு தும்மினா அந்தக் கோடியில இருக்கிறவன் துடைச்சுக்குவான். ஏழு பேர் உட்கார்ற சோஃபாவை ஏதாவது ஒரு கதவு வழியாத்தானே வெளிய எடுக்கணும்? அந்தக் கதவைக் காட்டச் சொல்லு. கதவைப் பாத்துட்டு அப்புறம் பணம் குடு.”

“பணம் கட்டியாச்சு.”

“கட்டியாச்சா!”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது ஸகீபே. நீங்க வெங்காயத்தைப் பாத்துக்கோங்க.”

துறையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

வியாழக்கிழமை தோணி வந்தது. சோஃபா வரவில்லை. ஃபஸீலா அங்கேயே நின்று கடைக்குச் செய்தி அனுப்பினாள். மூன்றே நிமிஷத்தில் பதில் வந்தது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் பொருள் செவ்வாய்க்கிழமையே ரிஹிவெலி தோணியில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. தோணிக்காரரிடம் கேட்கவும்.’ தோணியின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். முகவரி கேட்ட இடத்தில் தோணி பெயர், தோணிக்காரர் பெயர், புறப்படும் கிழமை எல்லாவற்றையும் அவளேதான் நிரப்பியிருந்தாள். பதிலோடு ஒரு படமும் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய பெட்டி, அதன்மேல் கறுப்பு எழுத்தில் ‘ஃபஸீலா, மூன்லைட், மீருதூ’. பெட்டிக்குப் பின்னால் ஒரு நீலத் தோணி. தோணிக்குப் பின்னால் ஒரு பச்சை மலை.

மாலத்தீவில் எவ்வளவு உயரமான இடத்தில் ஏறி நின்றாலும் அடுத்த வீட்டுக் கோழிக்கூடு தெரியும், அவ்வளவுதான். மலை என்பதைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

ஸகீபே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். “இது என்ன?”

“எது?”

“தோணிக்குப் பின்னாடி, உசரமா.”

ஃபஸீலா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “மேகம்.”

“பச்சை மேகமா?”

“சாயங்கால வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்.”

போன் கைமாறிக் கைமாறிப் போனது. நாலு பேர் மேகம்தான் என்றார்கள். ஒருவர், மாலேவில் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடியாக இருக்கும், பச்சைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள் என்றார். ஒருவர் வாயிலாவது மலை என்ற சொல் வரவில்லை. வந்தால் படம் பொய், படம் பொய்யென்றால் கடை பொய், கடை பொய்யென்றால் அட்மின் ஏமாந்துவிட்டாள் என்றாகிவிடும். அதற்கு மேகமே சௌகரியமாக இருந்தது.

“நான் எடுத்தேன்னே வெச்சுக்கோ. ஏழு பேர் உட்கார்ற சோஃபாவை எங்க ஒளிச்சு வெப்பேன்? கைலிக்குள்ளயா?” என்று ஸகீபே கத்தினார். அப்படிக் கத்தியதையே அன்று மாலை குழுவில் அவருக்கு எதிரான முதல் சாட்சியாக எழுதினாள் ஃபஸீலா. திருடாதவர் ஏன் கோபப்பட வேண்டும்? எழுதிவிட்டு, அவர் பதில் சொல்ல முடியாதபடி அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

அதற்குப் பிறகு ஊர் துப்பறியத் தொடங்கியது. கடற்கரையில் கயிறு பின்னிய ஜோலி நாற்காலிகளில் சாய்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டு, நாளைக்கு ஒரு கதை கட்டினார்கள். பக்கத்துத் தீவில் ஸகீபேயின் தங்கை வீட்டில் சிவப்பாக ஏதோ கிடந்ததைப் பார்த்தேன் என்றான் ஒருவன். அது கொடியில் காய்ந்த போர்வை. வெங்காயத்தைப் போலச் சோஃபாவையும் கடலில் விட்டுவிட்டு மறைக்கிறார் என்றான் இன்னொருவன். மாலேவில் ஸகீபேக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதாம், ஏழு பேராம், ஆளுக்கு ஓர் இடம் சரியாக இருக்கிறதாம் என்று ஒரு மகானுபாவன் கணக்கே போட்டுக் காட்டினான்.

ஸகீபேக்கு வயிறு எரிந்தது. இவர்கள் யார்? ஃபஸீலாவின் மாமனார் மாலே ஆஸ்பத்திரியில் இறந்தபோது, சரக்கு எதையும் ஏற்றாமல் அந்த மனிதரின் உடலை மட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வந்தவர் அவர். ஒரு ருஃபியா வாங்கவில்லை. மேகம் என்று சொன்ன நாலு பேரில் இரண்டு பேருடைய மனைவிமாரைப் பிரசவ வலியோடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். முகம் தெரியாத, கதவில்லாத கடைக்கு நாலாயிரம் நட்சத்திரம் இருந்தது. இவருக்கு நட்சத்திரம் போட வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சரக்கு மெல்ல ஹாமிதின் ‘ஃபஜ்ரு’ தோணிக்கு நகர்ந்தது. முதலில் ஃபிரிட்ஜ், பிறகு மைதா, கடைசியில் டயபர்கூடப் போய்விட்டது. ஐந்தாவது வாரம் ரிஹிவெலி மேல்தளத்தில் ஒன்றுமில்லாமல் வந்து நின்றது. தண்ணீருக்கு மேலே அவ்வளவு உயரமாகத் தோணி நின்று அவர் பார்த்ததே இல்லை. அன்று மத்தியானம் மனைவி சகீனா கருதியா என்கிற மீன் ரசமும் சோறும் எடுத்துவைத்தாள். எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே மெதுவாகப் பேச்செடுத்தாள்.

“நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

“ம்.”

“ஆனாலும் ஒரு தடவை அடிப்பலகையெல்லாம் தூக்கிப் பாத்துடுங்களேன். எங்கயாவது செருகிக்கிட்டு இருந்தா?”

“சகீனா, அது சோஃபா. சீப்பு இல்ல.”

சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனார். ஊர் சந்தேகப்பட்டது கோபமாக இருந்தது. இது வலித்தது.

இதற்கிடையே கடை வாரம் தவறாமல் பதில் போட்டுக்கொண்டிருந்தது. ‘தோணிக்காரரிடம் மீண்டும் விசாரிக்கவும். இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருக்கவும்.’ ஃபஸீலாவும் பொறுத்திருந்து ஸகீபேயைத் திட்டினாள். ஏழாவது வாரம் ஒருநாள் கடையைத் தேடினால் கடையையே காணோம். பக்கம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அப்போதுதான் அவள் வங்கிக்குப் போன் செய்தாள். இதெல்லாம் அவள் கணவர் லத்தீஃப் வந்து சொல்லித்தான் ஸகீபேக்குத் தெரியும்.

லத்தீஃப் பாவம், மனைவி பேசும்போது தரையைப் பார்க்கிற மனிதர். தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்த ஸகீபேயின் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“கார்டுல கட்டின பணத்துக்குப் பொருள் வரலைன்னா வங்கியில ஆட்சேபம் போடலாமாம், ஸகீபே. பணம் கட்டின நாள்லேர்ந்து அறுபது நாளுக்குள்ள போடணுமாம். அம்பத்திரண்டு நாள் ஆயிடுச்சு. இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்கன்னு போன்ல அந்த வங்கிப் பொண்ணு கேக்குது.”

“உன் பொஞ்சாதி என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. இத்தனை நாளும் உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்லுவா?”

“சரி, என்கிட்ட எதுக்கு வந்தே?”

“பில்லு, கடையோட பேசினது, பணத்தைத் திருப்பிக் கேட்டது எல்லாத்தையும் வங்கி கேக்குது. அதெல்லாம் இருக்கு. கடைக்காரன் தோணியில குடுத்தேன்னு சொல்றான் இல்லையா, அதனால தோணிக்காரர் கையெழுத்தோட, சீல் வெச்சு ஒரு கடுதாசி வேணுமாம். சோஃபா எங்க தோணியில ஏறவே இல்லைன்னு.”

ஸகீபே தார்த் தூரிகையைக் கீழே வைத்தார். ஒன்றரை மாதமாகத் தொண்டை கிழியச் சொன்ன அதே வாக்கியம். இப்போது அதற்குச் சீல் வேண்டுமாம். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தார், சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. லத்தீஃபும் மரியாதைக்காகக் கொஞ்சம் சிரித்தார்.

“அவளை வரச் சொல்லு.”

மறுநாள் அவள் வந்தாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வங்கி ஆள் மாதிரியே பேசினாள். ஸகீபே குறுக்கே புகுந்தார்.

“எழுதித் தரேன். சீலும் வெச்சுத் தரேன். ஆனா நீ ஒரு காரியம் செய்யணும். எந்த இடத்துல என்னைத் திருடன்னு சொன்னியோ அதே இடத்துல சொல்லு. கடை பொய், படம் பொய், ஸகீபே எடுக்கலைன்னு.”

“நேர்ல நாலு பேர்கிட்ட சொல்லிடறேனே.”

“நானூறு பேருக்குச் சொன்னதை நாலு பேர்கிட்ட சொல்லி அழிக்க முடியுமா? பணம் வேணுமா, வேண்டாமா?”

அவள் கடலைப் பார்த்தாள். பன்னிரண்டாயிரத்து நானூறு ஒரு பக்கம், காலையில் மூன்று, மாலையில் நான்கு என்று போட்ட எச்சரிக்கைகள் ஒரு பக்கம். “வெள்ளிக்கிழமைக்குள்ள போடறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஸகீபே வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அவள் போனோடு வந்து நின்றாள். குழுவில் போட்டதைப் படம் பிடித்துவைத்திருந்தாள். ‘அந்தக் கடை போலி. நான் ஏமாந்துவிட்டேன். ஸகீபே மீது சொன்னதெல்லாம் தவறு, மன்னிக்கவும்.’ ஸகீபே இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது கண்ணாடி மங்கிவிட்டது. உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல தாளாக எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘மேற்படி சோஃபா ரிஹிவெலி தோணியில் ஏற்றப்படவில்லை. படத்தில் இருப்பது எங்கள் தோணி அல்ல. படத்தில் மலை இருக்கிறது. எங்கள் நாட்டில் மலை கிடையாது. ஸகரிய்யா, தோணிக்காரர்.’ சீலை மையில் தோய்த்து அழுத்திக் குத்தினார். தோணியின் பெயர் நன்றாக விழவேண்டுமென்று பக்கத்திலேயே இன்னொன்றும் குத்தினார். அவர் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே அவள் அதைப் படம் பிடித்து வங்கிக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் சகீனா கேட்டாள். “ஃபஸீலா குழுவுல என்னமோ போட்டு அழிச்சிருக்காளே, என்னவாம்?”

“என்னது, அழிச்சிருக்காளா?”

“ஆமா. எல்லாரும் பள்ளிவாசல்ல இருந்த நேரத்துல போட்டு, உடனே அழிச்சிருக்கா. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ன்னு மட்டும் இருக்கு. என்ன எழுதியிருப்பான்னு கீழே நாப்பது பேர் கேட்டிருக்காங்க. உங்களைப் பத்தி ஏதோ எழுதக்கூடாததை எழுதி, பயந்து அழிச்சிட்டான்னு பேசிக்கிறாங்க.”

ஸகீபே கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஒரு படத்தை நம்பிப் பணத்தைத் தொலைத்தவளைப் பார்த்து எத்தனை சிரிப்புச் சிரித்தார். பச்சை மேகத்தைக் கண்டுபிடித்த அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதே போனில் அவள் காட்டிய இன்னொரு படத்தை நம்பிவிட்டார். மறுநாள் துறையில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டதற்கு, “போடச் சொன்னீங்க, போட்டேன். அப்படியே வெச்சிருக்கணும்னு சொல்லலையே ஸகீபே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து வங்கி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மலையைப் பார்த்ததும் அங்கே யாரும் மேகம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது. பணம் வந்தது ஒரு வியாழக்கிழமை, ரிஹிவெலி கரைசேர்ந்து அரைமணி நேரத்துக்குள். ஃபஸீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: ‘அல்ஹம்துலில்லாஹ், என் சோஃபா பணம் முழுசாக வந்துவிட்டது!’ யார் கொடுத்தது என்று எழுதவில்லை. அதை எழுதினால் ஆட்சேபம் போட்டதைச் சொல்ல வேண்டும், ஆட்சேபத்தைச் சொன்னால் ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். எழுதாததை ஊர் தானாகவே படித்துக்கொண்டது. வியாழக்கிழமை, தோணி வந்த நேரம், பணம். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஸகீபே போய் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். “விடுங்க ஸகீபே, முடிஞ்சது முடிஞ்சுபோச்சு” என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தட்டலைவிட முன்பு கொடுத்த வசவே தேவலை என்று அவருக்கு இருந்தது.

அடுத்த சனிக்கிழமை துறைக்குப் போனவர் திகைத்துப்போனார். ரிஹிவெலிக்கு முன்னால் வரிசை நின்றது. காஸ் சிலிண்டர்காரர், டயபர்காரர், ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர் என்று எல்லாரும் சீட்டும் காசுமாக வந்திருந்தார்கள். வரிசைக்கு முதல் ஆளாக வெங்காயக் கடை ஆதம். அவர் பத்து மூட்டை வெங்காயத்துக்குச் சீட்டை நீட்டினார்.

“ஹாமித் தோணிக்குப் போகலையா, ஆதம்பே?”

“ஹாமித் நல்ல பையன்தான். ஆனா ஒண்ணு தொலைஞ்சா அவன்கிட்ட வாங்க முடியுமா? நீ அப்படி இல்ல. வெங்காயத்துக்கும் குடுத்தே, சோஃபாவுக்கும் குடுத்தே. எடுத்தாலும் திருப்பிக் குடுத்துடறவன் நீ. உன்னை நம்பலாம்.”

“நான் எடுக்கலை, ஆதம்பே. அது வங்கி குடுத்த பணம்.”

“சரி, சரி. நான் கேட்டேனா?”

பின்னால் நின்றவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஸகீபேக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. காலியான தளத்தோடு தனியாக வந்த அந்த வாரங்களில்கூட அவர் இவ்வளவு கூனிக்குறுகவில்லை. அப்போது அவர்மேல் இருந்தது சந்தேகம். இப்போது தீர்ப்பே ஆகிவிட்டது, மன்னிப்பும் கொடுத்துவிட்டார்கள்.

வரிசையின் கடைசியில் ஃபஸீலா நின்றாள். அவள் முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“வேற சோஃபா பாத்திருக்கேன், ஸகீபே. இந்தக் கடைக்குக் கதவு இருக்கு. என் தம்பியை நேர்ல அனுப்பிப் பாத்துட்டேன். பச்சைக் கதவு. இன்னும் ஒரு ருஃபியா குடுக்கலை. உங்க ஆள் போய்ச் சோஃபாவைப் பாத்தப்புறம்தான் குடுப்பேன்.”

ஸகீபே அவளையே பார்த்தார். “அதை இவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லேன். அன்னிக்கு என்ன நடந்துச்சு, பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு. ஒரு வார்த்தை போதும்.”

ஃபஸீலா திரும்பி வரிசையைப் பார்த்தாள். வரிசையும் அவளைப் பார்த்தது. கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பெருநாள் முடியட்டும், சொல்றேன். சோஃபா பத்திரம், ஸகீபே.”

அவர் மார்க்கரை எடுத்தார். பட்டியலில் எழுதினார்: ஃபஸீலா, மூன்லைட், சோஃபா, ஏழு பேர். எழுதி முடிப்பதற்குள் ஆதம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு அவர் காதில் சொன்னார்.

“இந்தத் தடவையாவது அதுல கை வெக்காம இருந்துடுப்பா. பாவம், மறுபடியும் உன் கைக்காசு போயிடப்போகுது.”